மாடு தெரிகிற வெளிச்சம்

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவன் நான். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. குன்னூரில் வீட்டை ஒட்டிய ஒரு சின்ன அறையில் சாமான்களைப் பரப்பிக்கொண்டு, எஸ்டேட்டுகள் வாங்கும் மின்சாதனங்களைச் சோதித்துச் சான்று எழுதிக் கொடுத்துவந்தேன். கறார் பேர்வழி என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து எட்டு எல்.இ.டி. ஃபிளட் லைட்டுகள் சோதனைக்கு வந்தன. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து டீ ஃபேக்டரிக்கு ஏறும் கல்படிகளில் போடுவதற்கு. நூறு படிக்கு மேல் இருக்கும், இரண்டு பக்கமும் தேயிலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு ஏறிவந்த ஒரு அம்மாவை அந்தப் படியில் காட்டுமாடு முட்டித் தள்ளியிருந்தது. தோள் எலும்பு உடைந்துபோனது. எலும்பு கூடியதும் அந்த அம்மா வேலைக்கு வர மறுக்கவில்லை. லைட்டு வந்தால்தான் ஏறுவேன் என்று மட்டும் சொன்னாராம். லைட் போடும்வரை அவருடைய இடத்தை வைத்திருப்பதாகவும், போட்ட பிறகும் வரவில்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவதாகவும் மேனேஜர் என்னிடம் சொன்னார். ஆக, நான் எழுதப்போகிற சான்றில் ஒருவருடைய பிழைப்பு இருந்தது. தெரிந்தேதான் வேலையைத் தொடங்கினேன்.

ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு விளக்கையும் நான்கு பக்கமும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, துடைத்து, திறந்து பார்த்தேன். இரண்டில் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தது. ரப்பர் வளையம் ஒரு மூலையில் மடங்கியிருந்ததுதான் காரணம். திருப்பி அனுப்பினேன். விற்றவர் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார்.

"ஏனுங்க சார், மழையில நனையாத லைட்டு எங்கீங்க இருக்குது?"

"நனையட்டுங்க. குடிக்கக் கூடாது" என்றேன்.

எஸ்டேட்டில் சாயங்காலமானால் வோல்டேஜ் படுத்துவிடும். அதனால் வோல்டேஜைக் குறைத்தும் ஏற்றியும் பார்த்தேன். ஒன்று கண் சிமிட்டியது. அதுவும் திரும்பப் போனது. நாள் முழுக்க எரியவிட்டு முதுகுப்பக்கச் சூட்டை அளந்தேன். மாற்றி அனுப்பியவற்றை மறுபடியும் முதலிலிருந்து சோதித்தேன். இந்த முறை எட்டும் தேறின.

கம்பங்களில் ஏற்றிய பிறகு கடைசிச் சோதனை பாக்கி. பத்துப் படிக்கு ஒரு இடமாக வெளிச்சமானியை வைத்து அளக்க வேண்டும். சோதனைக்கு நான் நிரப்பும் பாரத்தில் வானிலை என்று ஒரு கட்டம் உண்டு. 'தெளிவு' என்று எழுத முடிந்தால்தான் அளப்பேன். தொழிற்சாலைக் காலத்துப் பழக்கம். மூன்று சாயங்காலம் போனேன், மூன்று நாளும் மூடுபனி. ஃபேக்டரியில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான்காம் நாள் வானம் தெளிந்தது. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில்கூட நிழல் விழவில்லை, அளவுகள் எல்லாம் தேவைக்கு மேலேயே இருந்தன. "பகல் மாதிரி இருக்குதுங்க" என்றார் மேனேஜர். எனக்கும் அப்படித்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன். மறுநாளே அந்த அம்மா வேலைக்கு ஏறினார்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். அந்த அம்மா தினமும் காலையில் கீழே இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு ஏறுகிறாராம். "அத்தனை செலவு பண்ணிப் போட்ட லைட்டுங்க. நாளைக்கு இருட்டுல மாடு முட்டுச்சுன்னா யார் பதில் சொல்றது? நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கேக்கலைன்னா அவங்கள வேலையில இருந்து நிறுத்திருவேன்."

எனக்குக் கோபம் வந்தது. நான் பாஸ் பண்ணிய விளக்கை ஒருவர் அணைப்பதாவது! அன்றைக்கே போனேன்.

சாயங்காலம் ஆறரை மணி, நல்ல மூடுபனி. படியின் அடியில் அந்த அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் போட்ட கறுப்புக் கம்பளி முழங்கால்வரை தொங்கியது. பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று பிறகு சொன்னார்.

"லைட்டு நல்லாத்தான் எரியுதுங்கய்யா. மாடுதான் தெரியல" என்றார்.

நான் வெளிச்சமானியைப் படியில் வைத்தேன். அளவு கொஞ்சம் குறைந்திருந்தது. அப்போதும் பாஸ்தான். காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க இங்கனயே நில்லுங்க. நான் ஏறிப்போய் நிக்கிறேன். எத்தன படியில நிக்கிறேன்னு சொல்லுங்க, தெரியுதானு பாப்போம்."

ஏறினார். நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்து வெளிச்சம் முழுக்கப் பனியில் பட்டு, எதிரே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது. அதற்குள் அவர் மறைந்துவிட்டார். நின்றுவிட்டதாகக் குரல் கொடுத்தார். முப்பது படி இருக்கும் என்றேன்.

"ஏழாவது படியில நிக்கிறேங்க."

முதல் மூடுபனிக் காலையில் இதே இடத்தில், பக்கத்தில் எங்கோ மாடு மூச்சுவிடும் சத்தம் கேட்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல், வேறு ஆட்கள் வரும்வரை அரை மணி நேரம் படியில் உட்கார்ந்தே இருந்தாராம். அப்புறம்தான் அணைக்க ஆரம்பித்திருக்கிறார். இறங்கி வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச்சோடு மறுபடி ஏறி நின்று காட்டினார். முழங்காலுக்குக் கீழே பிடித்த டார்ச்சில் ஏழாவது படியும் அவர் செருப்பும் எனக்கே தெரிந்தன.

இத்தனை வருஷமாக இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன். பனி இறங்கினால் ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று வரும் வழியில்கூட தாழ்த்திக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் பாரத்தைக் கையில் எடுத்ததும், வருஷத்தில் பாதி நாள் பனி நிற்கிற மலையில், பனி விலகட்டும் என்று காத்திருந்து சோதித்திருக்கிறேன். அசல் முட்டாள்தனம். வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவிடம் தப்பு என்னுடையதுதான் என்றேன். "அதனாலென்னங்க" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

சான்றைத் திரும்ப வாங்கி, ரத்து என்று என் கையாலேயே எழுதினேன். விளக்குகளில் குறையில்லை, வைத்த இடம்தான் குறை என்று மேனேஜருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு நாள் ஆயிற்று. கம்பத்திலிருந்து இறக்கி, படியோரக் கால்வாய்ச் சுவரில் முழங்கால் உயரத்தில் பொருத்தினோம். வெளிச்சம் மேலே ஏறாதபடி ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் மறைப்பு. மஞ்சள் விளக்கு வாங்கினால் சரியாகிவிடும் என்றார் கோயம்புத்தூர்க்காரர். வாங்கிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்தத் தடவை பனிக்காகக் காத்திருந்தேன். வந்த சாயங்காலம் அந்த அம்மாவின் கம்பளியை ஒரு மூங்கிலில் மாட்டிப் படியில் நிறுத்தி, எத்தனை படி தள்ளி நின்றால் தெரிகிறது என்று எண்ணினேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இறக்காமல் விட்டிருந்த ஒரு கம்பத்து விளக்கில் ஐந்து படி. கீழே வைத்த விளக்கில் பதினேழு. பாரத்தில் இதற்குக் கட்டமில்லை, பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

"கம்பளி நிக்குமுங்க, மாடு நடக்குமே" என்றார் அந்த அம்மா. "நான் ஒரு காலையில ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தக் காலைக்கு நானும் போனேன். ஐந்து மணிக்கு முன்னால் படியின் உச்சியில், ஃபேக்டரி வாசலில் நின்றேன். பனி இருந்தது. கீழே விளக்குகள் எரிந்தன. வெகு கீழே செருப்புச் சத்தம் தொடங்கியது.

சத்தம் பாதிக்கு மேல் ஏறிவிட்ட நேரத்தில், எனக்குக் கீழே பத்துப் படி தள்ளி, தேயிலையிலிருந்து ஒரு காட்டுமாடு இறங்கிப் படியின் குறுக்கே நின்றது. தனி ஆண் மாடு. கத்தினால் கீழ்நோக்கித்தான் ஓடும், அவர் மேலேயே விழும். வாயைப் பொத்திக்கொண்டேன். செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. இந்த விளக்கும் பொய்யென்றால் அந்த அம்மாவைக் கொன்றவன் நான்தான் என்று நினைத்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சத்தம் நின்றது.

மாடு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு எதிர்ப்பக்கத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. கிளைகள் ஒடியும் ஓசை அடங்கிய பிறகு செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கியது. அந்த அம்மா ஏறி வந்தார். மூச்சு வாங்கியது, முகத்தில் வேறொன்றும் இல்லை. என்னைத் தாண்டும்போது சொன்னார்.

"பதினாலு படி முன்னாடியே பாத்துட்டேங்க. எழுதிக்கோங்கய்யா."

ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது, உள்ளே போய்விட்டார். பேனாவைத் திறந்தேன். பாரத்தின் பின்பக்கம், பதினேழுக்குக் கீழே பதினாலு என்று எழுதினேன்.