நாற்பத்தொன்றாவது இணைப்பு

தட்டுகிறார், காத்திருக்கிறார், தலையை ஆட்டுகிறார், நோட்டில் ஒரு டிக் போடுகிறார். அடுத்தது. தட்டுகிறார், காத்திருக்கிறார், "அடப்பாவி, போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தே?" என்று திரையைப் பார்த்துக் கேட்கிறார். டிக்குக்குப் பதில் ஒரு சுழி. முதல் மணி அடிக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் அறையில் இவரைத் தவிர ஒருவரும் இல்லை. பெருக்க வருகிற அம்மாகூட இவர் காலடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இவர் லிங்க் டீச்சர். எடுப்பது அறிவியல். பெயர் பிள்ளைகள் வைத்ததல்ல, நான் வைத்தது. கிண்டலுக்குத்தான் வைத்தேன். நான் சரித்திர வாத்தியார்; சாக்பீஸும் தொண்டையும் இருந்தால் போதும் என்கிற கட்சி. அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மறுநாளே அதைத் தன் இணையப் பக்கத்தின் தலையில் ஏற்றிவிட்டார்: 'லிங்க் டீச்சரின் பட்டியல்.' கிண்டல் செய்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

வகுப்பில் பயன்படக்கூடிய இருநூற்றுச் சொச்சம் இணைப்புகள், எல்லாம் இலவசம், அதுதான் பட்டியல். தவளையை அறுக்காமலே அறுத்துக் காட்டும் பக்கம். வகுப்பின் சத்தம் கூடினால் திரையில் பந்துகள் குதிக்கும் பக்கம். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற கடிகாரம். ராட்டினம் போலச் சுற்றி ஒரு பிள்ளையின் பெயரில் நிற்கும் சக்கரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவர் கையால் ஒரு குறிப்பு இருக்கும்: 'திறந்ததும் அலறும், முதலில் ஒலியைக் குறையுங்கள்.' 'ஓரத்தில் விளம்பரம் எட்டிப் பார்க்கும், பிள்ளைகள் உங்களுக்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.' 'படம் அழகு, தகவல் தப்பு. படத்தை மட்டும் காட்டுங்கள்.' ஊர் பேர் தெரியாத ஆசிரியர்கள் எங்கெங்கிருந்தோ வந்து எடுத்துப் போகிறார்கள். "அக்கா, நாளைக்கு எரிமலை எடுக்கணும், எது ஓடும்?" என்று எழுதிக் கேட்கிறார்கள். இவர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே பதில் போடுகிறார்.

ஒரு நாளைக்கு ஐம்பது வீதம், நாலைந்து நாளில் ஒரு சுற்று முடியும். செத்துப்போன இணைப்பைப் பட்டியலில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார். அதற்கெல்லாம் மிஷின் இருக்குமே, தானாகவே பார்த்துச் சொல்லுமே என்று ஒருமுறை மேதாவித்தனமாகக் கேட்டேன்.

"பக்கம் இருக்குன்னு மிஷின் சொல்லும் சார். பாடம் ஓடுதான்னு சொல்லாது. திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்க, முப்பத்தெட்டு பிள்ளைங்க முன்னாடி நீங்க நின்னிருக்கீங்களா? நான் நின்னிருக்கேன். சிரிச்சா பரவாயில்ல சார். பாவமா பாத்துச்சுங்க."

கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மூன்று விதமான ஒயர் இருக்கும். ப்ரொஜக்டர் சூடானால் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கம்ப்யூட்டர் அறைக் கதவில் மூன்று விதிகளை எழுதி ஒட்டியிருக்கிறார். ஒன்று: முதல் நாளே திறந்து பாருங்கள். இரண்டு: வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட்டை நம்பாதீர்கள். மூன்று: கரன்ட் போனால் கரும்பலகை இருக்கிறது. மூன்றாவது எனக்காகவே எழுதியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எந்த நாளாக இருந்தாலும், எந்த ஐம்பதாக இருந்தாலும், நாற்பத்தொன்றாவது இணைப்பை மட்டும் தினமும் திறப்பார். அதற்கு மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொள்வார். அது அவர் வீட்டுக்காரருடையது.

வீட்டுக்காரர் எங்கள் பள்ளியின் கணக்கு சார். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மதியம், போர்டில் பாதிக் கணக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் பின்னக் கணக்குக்கு முப்பத்தாறு சின்னச் சின்னப் பாடங்கள் எடுத்து, ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி வைத்திருந்தார். முகம் காட்டமாட்டார். ஒரு கை, ஒரு பேனா, குரல், அவ்வளவுதான். சத்தம் வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க எடுப்பார்களாம். "அவர் பேசுவார், நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போனைப் பிடிச்சிருப்பேன். எனக்குத் தும்மல் வந்தா மறுபடியும் முதல்ல இருந்து."

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரே வாசகம்: "யாருக்குப் புரியலை? வெட்கப்படாம கையைத் தூக்குங்க. நான் இங்கதான் நிக்கறேன்." பிறகு ஐந்து விநாடி சும்மா இருப்பார். டீ குடிக்கும்போது நான் விடமாட்டேன். "யோவ், பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு எவன் கையைத் தூக்கறான்னு உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்பேன். "எனக்குத் தெரிய வேணாம்யா. தூக்கறவனுக்குத் தெரியுமில்ல?" என்பார். இந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடம் வேண்டி, வெட்கத்தை விட்டுவிட்டு நானே கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். டீச்சர் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: இந்தப் பக்கம் இல்லை.

"ஒயர் லூசா இருக்குமோ சார்?" என்றார். ஒயரைப் பற்றி என்னிடம் கேட்டார்.

நடந்தது இதுதான். ஓராண்டுக்கு மேல் உரிமையாளர் உள்ளே வராத பக்கங்களை நீக்கப்போவதாக அந்தத் தளம் மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறது. மூன்றும் கணக்கு சாரின் மெயிலுக்குப் போயிருக்கின்றன; டீச்சர் அன்றுதான் அதை முதன்முறையாகத் திறந்து பார்த்தார். ஒருமுறை உள்ளே நுழைந்திருந்தால் போதும். கடவுச்சொல் அவர் டைரியின் முதல் பக்கத்திலேயே இருந்தது. "அவர் உயிரோட இருந்தப்பவே அவருக்கு வந்த கடிதத்தை நான் பிரிச்சதில்ல சார். போனப்புறம் எப்படிப் பிரிப்பேன்?"

மூலப் பதிவுகளும் இல்லை. போனில் இடமில்லை என்று ஏற்றியதும் அழித்துவிடுவாராம் மனுஷன். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற ஒரு தளம் இருக்கிறதாம், அதிலும் டீச்சர் தேடினார். பாடங்களின் தலைப்புகள் கிடைத்தன. குரல் இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல்தான். "கதவுல எழுதி ஒட்டியிருக்கீங்களே டீச்சர், இறக்கி வெச்சுக்கோங்கன்னு. ஊருக்கெல்லாம் சொன்னீங்க, நீங்க ஏன் வெக்கலை?" என்று கத்தியே விட்டேன்.

அவர் ஹெட்போன் ஒயரைச் சுற்றி மேசையில் வைத்தார். "இறக்கி வெச்சா அது என் பெட்டிக்குள்ள ஒரு ஃபைல் சார். அங்கேயே இருந்தா, அவர் இன்னும் வேலைக்குப் போயிட்டு இருக்கார். அடியில எத்தனை பேர் பாத்தாங்கன்னு ஒரு எண் இருக்கும். தினமும் ஏழு, எட்டு கூடும். அதைப் பாத்துட்டுத்தான் நான் முதல் பீரியடுக்கே போவேன்."

கத்தியதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அன்று முதல் மணி அடிப்பதற்குள் நாற்பத்தொன்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார். இன்னொரு நாள் இருக்கட்டுமே என்றேன். "செத்த லிங்க்கை வெச்சிருந்தா எவளோ ஒருத்தி இன்னைக்கு கிளாஸ் முன்னாடி நிப்பா சார்." இரண்டு முறை தட்டினால் போதும், நீங்கிவிடும். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றார். வகுப்புக்குப் போனார். அன்றைக்கு ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை. குறையில்லாமல் எடுத்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

பிறகு பக்கத்தின் தலையில் நாலு வரி எழுதினார். 'பின்னக் கணக்குப் பாடங்களை யாராவது இறக்கி வைத்திருந்தால் அனுப்புங்கள். ஒன்று இருந்தாலும் போதும். அவசரம் இல்லை.' அவசரம் இல்லை என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில்கள் குவிந்தன. எழுபத்திரண்டு பேர். ஒவ்வொருவராக எனக்கு வாசித்துக் காட்டினார். எல்லோரும் அந்தப் பாடங்களைக் காட்டியிருக்கிறார்கள், வருஷா வருஷம் காட்டியிருக்கிறார்கள். 'எங்க பிள்ளைங்களுக்கு அவர்தான் பின்ன மாமா' என்று ஒருவர். ஆனால் இறக்கி வைக்கவில்லை. ஒருவர்கூட வைக்கவில்லை. காரணமும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'நீங்க தினமும் பாத்துக்கறீங்களே அக்கா, உங்க பட்டியல்ல இருக்கறது எங்கே போயிடும்னு இருந்துட்டோம்.'

"என் மேல அவ்வளவு நம்பிக்கை சார்" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் வருகிறார். ஐம்பது இணைப்புகள், டிக், சுழி. நாற்பதுக்குப் பிறகு நேராக நாற்பத்திரண்டு. அந்த எண்ணை வேறெதற்கும் கொடுக்கவில்லை. ஹெட்போன் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. ஒயர் தொட்டால் ஷாக் அடிக்கிறது, ப்ரொஜக்டர் பல்பு போய்விட்டது என்று நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு காலையில் அங்கே போய் உட்காருகிறேன். சாக்கு என்று அவருக்கும் தெரியும்.

இந்த வியாழக்கிழமை முதல் மணி அடித்தும் லிங்க் டீச்சர் வகுப்புக்குப் போகவில்லை. இருபது வருஷத்தில் நடக்காத விஷயம். ஏழாம் வகுப்பு இரைந்துகொண்டிருந்தது. கூப்பிடப் போனேன்.

"கதவைச் சாத்திட்டு வாங்க சார்" என்றார்.

எழுபத்து மூன்றாவது பதில் வந்திருந்தது. எங்கோ நாலாம் வகுப்பு எடுக்கும் ஒரு டீச்சர் எழுதியிருந்தார். 'அக்கா, மன்னிச்சுக்கோங்க, பாடத்தை நானும் இறக்கி வைக்கலை. ஆனா எங்க பிள்ளைங்க செஞ்ச கூத்தைப் பாத்துட்டு ஒரு நாள் போன்ல எடுத்தேன். அதுல சார் குரல் கொஞ்சூண்டு இருக்கு. பத்தொன்பது செகண்ட்தான்.'

நான் வரும்வரை அதைத் திறக்காமல் வைத்திருந்திருக்கிறார். ஹெட்போனை எடுக்கவில்லை. ஸ்பீக்கரின் ஒலியை முழுதாகத் திருகிவிட்டுத் தட்டினார்.

ஒரு வகுப்பறை. பிள்ளைகளின் பின்மண்டைகள். தூரத்தில் சுவரில் ஒரு திரை, அதில் ஒரு கை, பேனா. இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, எங்கள் கணக்கு சார்: "யாருக்குப் புரியலை? வெட்கப்படாம கையைத் தூக்குங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நாலு, பத்து. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன் ஆடியது. பத்தொன்பது விநாடி முடிந்து திரை கறுத்தது.

டீச்சரின் வலது கை மவுஸை விட்டுவிட்டு மேலே போயிருந்தது. நான் பக்கத்தில் நிற்பதை மறந்து, கறுத்த திரையைப் பார்த்தபடி, அவர் அதைத் தூக்கியே வைத்திருந்தார்.