கட்டாத பொட்டலம்

வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், சோவியத் ரஷ்யாவில் படிக்க என் மகனுக்கு உதவித்தொகை கிடைத்தது. மருத்துவம், இன்ஜினீயரிங், விவசாயம் மூன்றில் ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். அவன் விவசாயம் என்றான். அடி அண்ணாமலையில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் கழனி இருக்கிறது. "கழனி வேலை கத்துக்க ரஷ்யாவுக்கா போவாங்க?" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

மற்ற இரண்டில் எது என்று பெரிய கோயிலில் பூ போட்டுப் பார்த்தேன். மருத்துவத்துக்கு வெள்ளைப் பூ, இன்ஜினீயரிங்குக்குச் சிவப்பு. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் சந்நிதியில் வைத்தேன். அங்கே நின்ற ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்ததில் வெள்ளைப் பூ இருந்தது. ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

மருத்துவம் படிக்கப் போன இடத்தில், பிணத்தை அறுக்கும் வகுப்பில் மயங்கி விழுந்தவனுக்கு அப்புறம் சாப்பாடே இறங்கவில்லையாம். இரண்டாம் வருடமே பாதி ஆளாகத் திரும்பி வந்தான்.

"சாமி உத்தரவாச்சே, எப்பிடிடா தப்பாப் போச்சு?" என்று அழுதேன்.

"சாமி மேல ஏம்ப்பா பழி போடறீங்க? நான் கேட்டதுக்கு நீங்க பொட்டலமே கட்டலியே" என்றான். இப்போது கழனிப் பக்கம்கூடப் போவதில்லை.

இந்த வருடம் மகள் ப்ளஸ் டூ முடித்தாள். நான் பூ போடவில்லை. என்ன படிக்கிறாய் என்று அவளைத்தான் கேட்கிறேன். அவளோ அண்ணன் படுத்திருக்கும் அறையைப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கப்பா" என்கிறாள்.

விண்ணப்பத்தில் படிப்பின் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் கேட்பேன்.

– ஒரு தகப்பன், திருவண்ணாமலை, 1988