நாலு பத்துக்கு வருகிறவர்கள்

வளர்மதிக்குப் பொய் சொல்ல வராது. லீவு கேட்பதற்குக்கூட காய்ச்சல் என்று சொல்லத் தெரியாதவள். அதனால் இது நடந்ததுதான். போன ஆவணியில், விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் புது நகரில், பட்டப்பகலில்.

ரயில்வே கவுண்டரில் மதியம் வரை டிக்கெட் கொடுப்பவள் அவள். கணவன் பாண்டியன் போய் ஏழு மாதம். தனியாக இருக்கும் பொம்பளைக்கு வீடு இல்லையென்று ஊரே கையை விரித்துவிட்டது. கடைசியில் ராஜாங்கம் என்பவர் இரக்கப்பட்டார். தன் வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த இன்னொரு வீட்டை வாடகைக்குக் கொடுத்தார்.

கிரானைட் படி, பெரிய கேட்டு, வீட்டுக்கு வீடு கேமரா. தெருவில் மனித முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. யாரும் வந்து துக்கம் கேட்க மாட்டார்கள். இந்த வீடும் போனால் கருவேப்பிலங்குறிச்சியில் அண்ணன் வீட்டு மூலையில்தான் முடங்க வேண்டும். அதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

குடிவந்த மூன்றாம் நாள். மாலை மணி 4.10. கேட்டுத் தாழ்ப்பாள்... டக்.

பிறகு காலடிச் சத்தம். நான்கு பேர். கனமான எதையோ தூக்கி வருவதுபோல ஒன்றாகச் சேர்ந்து வைத்த அடிகள். படியருகே வந்து நின்றன. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. கேட்டு பூட்டியபடியே இருந்தது.

மறுநாளும் 4.10. அதற்கு மறுநாளும். கூடவே வாடிய ரோஜா மாலையின் வாசனை. சரியாகப் பதினெட்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். ஓனரிடம் சொன்னால் பைத்தியம் என்று காலி பண்ணச் சொல்வார். வாயை மூடிக்கொண்டாள். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாண்டியன் போனதிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

பதினோராம் நாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்... சுமையைத் தோள் மாற்றுவதுபோல ஓர் அசைவு.

அவளுக்குப் பாவமாக இருந்தது. கதவைத் திறந்தாள்.

"ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

படியில் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நான்கு பேரின் காலடியும் நகரவில்லை.

ஒரே ஒரு காலடி மட்டும்...

வெறுங்கால்...

அவளைத் தாண்டி உள்ளே போனது.

மறுநாள் காலை, வீடு துடைக்க வரும் அமுதவள்ளியிடம் கேட்டாள்.

"எனக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க?"

"ஜெயஸ்ரீ டீச்சருங்க. ஒம்போது வருசம் தனியாத்தான் இருந்தாங்க. ஆஸ்பத்திரில செத்துட்டாங்க. சொந்தக்காரங்க நாலு பேரு தூக்கிக்கிட்டு இந்தப் படி வரைக்கும் வந்துட்டாங்க. ஓனரு கதவத் தொறக்கல. வாடகை வூட்டுல பொணத்த எறக்கக் கூடாதாம். அவங்களும் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தாங்க. அப்பறம் நேரா சுடுகாட்டுக்குத்தான்."

"எத்தன மணி இருக்கும்?"

"ஸ்கூலு பஸ்ஸு வர்ற நேரங்க. நாலு, நாலேகாலு."

வளர்மதி வீட்டைக் காலி பண்ணவில்லை. வேறு யார் கொடுப்பார்கள்? அன்றிலிருந்து 4.10க்குக் கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் நின்றுபோனது. உள்ளே வந்த கால் வெளியே போகும் சத்தம் மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.