கடைசி ஆளின் பெல்ட்

சென்ற மாதம் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிய தோல் பெல்ட் ஒன்று மும்பை தாராவியிலிருந்து எங்கள் நெருள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான்கு விரல் அகலம், இரண்டு பக்கிள், உள்பக்கம் பழைய போர்வைத் துணி வைத்துத் தைத்தது. சந்து முழுவதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சாமான் ஒதுக்கும்போது பரணில் கிடைத்தது என்று அங்கே எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த அத்தை கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் தைத்த அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. எனக்கு வயது முப்பத்தெட்டு. ஆனாலும் அதைக் கையில் எடுத்ததும் சின்னப் பிள்ளைபோல மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தேன்.

அம்மா உயரமில்லை, நல்ல அகலம். பொங்கலுக்கு எங்கள் சந்துப் பெண்களுக்கும் பின்சந்துப் பெண்களுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். லாரியில் மூட்டை கட்டுகிற முரட்டுக் கயிறு, பக்கத்துக்கு எட்டுப் பேர். எட்டாவது ஆள் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்க வேண்டும். இழுப்பதெல்லாம் முன்னால் இருக்கிற ஏழு பேரின் பாடு. கடைசி ஆளுக்கு ஒரே வேலை, நகராமல் இருப்பது. கல்யாணமாகி தாராவிக்கு வந்த முதல் பொங்கலிலிருந்து அம்மாதான் அந்தக் கடைசி ஆள். இடுப்பில் கயிறு அறுத்துச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா மிச்சத் துண்டில் இந்த பெல்ட்டைத் தைத்தார். அவர் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

எனக்கு ஆறு வயதில் அப்பாவுக்கு நவி மும்பைத் துர்பேயில் பை தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்து, பக்கத்தில் நெருளுக்குக் குடிபோனோம். ஒரு ஹால், ஒரு ரூம், கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலைக்கு ஓடிப் பார்த்துச் சிரித்தோம். அம்மா மட்டும் வெறுங்காலால் டைல்ஸைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதுல காலை ஊனி நிக்க முடியாது போலுக்கே” என்றாள்.

அதற்குப் பிறகு பொங்கல் என்றால் எங்களுக்கு மூன்று நாள் லீவு. குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் நடக்கத் தொடங்கியதும் அம்மாவின் நடையே வேறாகிவிடும். எதிர்வீட்டு அத்தையின் ஒற்றை அறைக் கோலியில் மேல் தட்டு எங்களுக்கு. நான் சாக்கு ஓட்டத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்வேன். அப்பா மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் பத்தடிக்குள் காலை ஊன்றிவிட்டு, பிரேக் சரியில்லை என்று வருடா வருடம் அதே சைக்கிளைக் குறை சொல்வார். அந்த மூன்று நாளும் நாங்கள் மூவரும் ஓயாமல் சிரித்தோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

குடிபோன பின் வந்த முதல் பொங்கலிலேயே பின்சந்துப் பூக்கார அக்கா கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். “நெருளுக்காரிய ஒங்க சந்துன்னு எப்படி நிப்பாட்டுவிய?” அம்மா பெல்ட்டோடு நடந்து போய், பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினாள். “எந்த அட்ரெஸ் போட்டுருக்குன்னு யாரையாவது படிக்கச் சொல்லுங்கக்கா.” மராத்தி தெரிந்த ஒருவர் படித்தார். தாராவிதான் இருந்தது. கார்டை நெருளுக்கு மாற்றச் சொல்லி அப்பா எட்டு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் கூட்டம், மழை, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று அம்மா தட்டிக்கழித்தாள். சர்க்கரையிலிருந்து மண்ணெண்ணெய் வரை வெளிக்கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். காரணம் என்னவென்று அப்பாவுக்கு அந்த மைதானத்தில்தான் புரிந்தது. அப்புறம் அவர் கார்டைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்தக் கார்டைக் காட்டியே அம்மா நான்கு பொங்கல் இழுத்தாள். ஐந்தாம் வகுப்புக்கு என்னை நெருளிலேயே பெரிய பள்ளியில் சேர்க்கப் போனபோது, இந்த ஊர் முகவரியில் ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே அம்மா கார்டை மாற்ற ரேஷன் ஆபீஸில் போய் வரிசையில் நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பூக்கார அக்கா சிரித்துக்கொண்டே, “ஒன் கார்டைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, வந்து நில்லு” என்றார். பேசாமல் போய் நின்றிருக்கலாம். அம்மா கார்டை எடுத்து நீட்டினாள். “மாத்தியாச்சுக்கா. பிள்ளைக்கு ஸ்கூலு.” பெல்ட்டைக் கழற்றி எதிர்வீட்டு அத்தையின் இடுப்பில் தானே மாட்டினாள். கடைசித் துளையிலும் தொளதொளத்தது, ஆணியால் புதிதாக ஒன்று குத்த வேண்டியிருந்தது. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இல்லாமலே எங்கள் சந்து ஜெயித்தது. அம்மாவும் கைதட்டினாள். திரும்பும்போது ரயிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஸ்கூலு ஒனக்குப் புடிச்சிருக்கா?” புடிச்சிருக்கு என்றேன். அதுவரை அங்கே எனக்கு ஒரு தோழிகூடக் கிடையாது. அதன் பிறகு நெருளிலேயே குக்கரில் பொங்கல் வைக்க ஆரம்பித்தோம். நானும் பழகிவிட்டேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்பா போட்ட துளைகள் மூன்று. இப்போது பதினொன்று இருக்கின்றன, எல்லாம் கோணல்மாணலாக. அம்மாவுக்குப் பின் எத்தனை பேர் கடைசியில் நின்றார்களோ. அம்மா ஒவ்வொரு துளையாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “பூராவும் ஒல்லிக்குச்சியா இருந்திருப்பாளுவ போல” என்றாள். அப்புறம் எழுந்து, நைட்டிக்கு மேலேயே பெல்ட்டைச் சுற்றி, தன் பழைய துளையில் மாட்டினாள். கொடியில் கிடந்த நூல் சேலையை முறுக்கி ஒரு நுனியை பெல்ட்டில் கட்டிக்கொண்டு, மறு நுனியை என்னிடம் தந்தாள்.

“ம், இழு.”

“அம்மா, டைல்ஸு வழுக்கும். முட்டிவலிய வேற வச்சிக்கிட்டு…”

“இழுட்டின்னா இழேன்.”

ஒரு கையால் லேசாக இழுத்தேன். “சாப்டியா இல்லையா நீ?” என்றாள். இரண்டு கையாலும் இழுத்தேன். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன். கண்ணீரில் எனக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. அம்மா நகரவில்லை.