மணம் தின்ற உருண்டைகள்

என் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது, எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில், மூணாற்றில் இரண்டு டீப்பெட்டிகளுக்குள் கிடந்தது.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக கெமிஸ்ட். சியோலைட் செய்வது எங்கள் தொழில். பார்த்தால் பட்டாணி அளவு களிமண் உருண்டை. உள்ளே கணக்கில்லாத நுண்துளைகள். சூளையில் நன்றாகக் காயவைத்துவிட்டால் சுற்றியிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். சின்னத் துளை ரகம் தண்ணீரை மட்டும்தான் உள்ளே விடும். பெரிய துளை ரகம் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் உள்ளே விடும்.

மழையில் டீ நமத்துப்போகிறது, ஏதாவது செய்யுங்கள் என்று மூணாற்று எஸ்டேட் ஒன்று கேட்டது. எங்கள் டைரக்டர் பொன்னுசாமிக்கு ஒரே உற்சாகம். அவருக்கு எதுவும் பெரிசாக இருக்கவேண்டும். பேனா, டிபன் கேரியர், மீசை எல்லாமே பெரிசு.

"பெரிய துளையே எடுத்துட்டுப் போ கண்ணு. வாசல் பெருசா இருந்தாத்தான சீக்கிரம் இழுக்கும்?"

"சின்னதே போதுமுங்க சார். டீயில தண்ணி மட்டும் இல்லீங்களே..."

"ட்ரயல் நல்லா வந்தா உனக்கு பர்மனென்ட் ஆர்டர். டீப்பெட்டியத் தெறக்கற அன்னிக்கு நானும் வாறேன். போ."

பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் என் கெமிஸ்ட்ரி வாயை மூடிக்கொண்டது. கொழிஞ்சாம்பாறையில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் காத்திருந்தார்.

மூணாற்று ஃபாக்டரியில் டீ மேக்கர் சுடலைமுத்து. இலை உள்ளே வருவது முதல் டீ பெட்டிக்குள் போவது வரை அவர் பொறுப்பு. பெரிய துளை உருண்டைகளைத் துணிப்பைகளில் கட்டி, இரண்டு பெட்டிகளில் டீயோடு வைத்து மூடினோம். நான் அங்கேயே தங்கிவிட்டேன். திறக்கும் நாள் வந்தது. வெளியே கொட்டுகிற மழையிலும் டீ மொறுமொறுவென்று இருந்தது. மாயிஸ்சர் டெஸ்ட் பிரமாதம். எனக்குக் கல்யாண நாதஸ்வரமே கேட்டுவிட்டது.

சுடலைமுத்து இரண்டு கப் போட்டார். ஒன்றை எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்பினார். மறுபடி உறிஞ்சினார். மூக்கைக் கப்புக்குள்ளேயே விட்டுப் பார்த்தார்.

"நெறம் இருக்கு சார். கசப்பு இருக்கு. மணத்த எங்க கொண்டு வச்சிய?"

ஈரத்தோடு டீ மணமும் பெரிய துளைக்குள் குடியேறிவிட்டது. சொன்னால் அவர் நம்பவில்லை. உருண்டைகளை ஒரு பேசினில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். தண்ணீரைக் கண்டால் சியோலைட் மற்ற எல்லோரையும் வெளியே தள்ளிவிடும், சூடும் ஏறும். உஸ்ஸென்று சத்தம் வந்தது. அறை முழுக்க அப்படியொரு டீ மணம்!

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்து இறங்கினார் டைரக்டர்.

"ஆஹா, என்ன வாசம்! பெரிய வாசல்னு நாஞ் சொன்னனல்லோ கண்ணு!" என்றபடி இன்னொரு கப்பை எடுத்துப் பாதியை ஒரே மூச்சில் குடித்தார். மீசை அப்படியே நின்றுவிட்டது.

சுடலைமுத்து மரியாதையாக விளக்கினார்: "நெறம் கப்புல இருக்கு சார். மணம் பேசின்ல இருக்கு. ரெண்டயும் சேத்துதான் குடிக்கணும்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். 'கண்ணு' என்று கூப்பிடுவதெல்லாம் போய்விட்டது. "இந்தத் துளைய எடுத்துட்டு வரச்சொன்னது யாரு?"

பழியை நான் ஏற்றுக்கொண்டாலும் வேலை போகும், அவர் மேல் போட்டாலும் போகும். எப்படியும் போகிற வேலை, உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று தோன்றியது.

"நீங்கதானுங்க சார்."

சுடலைமுத்து கூரையைப் பார்த்தார். டைரக்டர் மீதி டீயையும் குடித்து முடித்தார். ஏன் குடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவ சின்னது கொண்டா. நாஞ் சொன்னேன்னு எதையும் கொண்டாராத."

சின்னத் துளை உருண்டை வைத்தபோது டீ டீயாகவே வந்தது. அடுத்த மாதம் என் ஆர்டரும் வந்தது. பெண் வீட்டில் பந்தக்கால் நட்டார்கள்.

இப்போது லேபில் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நுண்துளைப் பொருளின் கெட்டிக்காரத்தனம் எதை உள்ளே இழுக்கிறது என்பதில் இல்லை, எதை வெளியே நிறுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது. இன்னொன்று, டைரக்டரிடம் சொல்ல வேண்டியதைப் பெட்டியை மூடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். திறந்த பிறகு சொன்னால், அவருக்கு முதலில் அந்த டீயைக் கொடுக்க வேண்டியிருக்கும்.