காசு கொடுப்பவர் குளிப்பாட்ட வேண்டும்

பிள்ளை பார்க்கும் அமுதவள்ளிக்குப் பிரவின் ஆயிரம் ரிங்கிட் பாக்கி. இரண்டு மாதக் காசு. பிரவினுக்குப் பத்தொன்பது வயது, என் டயர் கடையில் வேலை. அவன் கடைக்கும் அவன் மனைவி ஷாமினி தொழிற்சாலைக்கும் போய்விட்டால், அவர்களுடைய கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது அமுதவள்ளிதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று கிள்ளானில் எனக்கு மூன்று டயர் கடைகள், மூன்றும் சொந்தக் கட்டடம். பட்டதாரிகள் என்னிடம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறார்கள். ஆளை எடைபோடுவதில் நான் தவறியதில்லை. அதனால் சொல்கிறேன், அமுதவள்ளியைப் போல ஒருத்தி இந்த வட்டாரத்தில் கிடையாது.

காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டத்தை விற்றதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்து அடுக்குமாடியில் குடியேறியது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவன் இறந்தபின் வீட்டிலேயே பிள்ளை பார்க்கத் தொடங்கினாள். என் பேரப்பிள்ளைகள் இருவரும் அவள் கையில் வளர்ந்தவர்கள்தான்.

அவள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாதக் காசைப் பேங்கில் போடக்கூடாது. பிள்ளையின் அப்பா கையில் கொண்டுவர வேண்டும். வந்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்திவிட்ட பிறகுதான் காசை நீட்டலாம். முனகாத அப்பன் கிடையாது. ஆனால் அவளை விட்டுப் பிள்ளையை வேறெங்கும் கொண்டுபோனவனும் கிடையாது.

கோயில் இளைஞர் மன்றத்துக் கமலநாதன் ஒருநாள் அவளிடம் கேட்டார். "பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைங்களுக்குப் பெத்தவங்க பொறுப்பைப் பத்திக் கொஞ்சம் பேசுங்கக்கா."

"எனக்குப் பேச வராது தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

வந்த பிள்ளைகளுக்குப் பிரசங்கம் எதுவும் இல்லை. கைப்பேசிகள் எல்லாம் பிரிட்ஜ் மேல். ஒருவன் பால் போத்தலைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், ஒருத்தி பெம்பர்ஸ் மாற்ற வேண்டும். அழுகிற பிள்ளை மடியில் இருந்தால் அது தூங்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை.

"வராதவங்களுக்கும் பாடம் புரிஞ்சிருச்சுலா" என்றாள் அமுதவள்ளி.

பிரவினுக்கு இந்த வகுப்பு கிடைக்கவில்லை. அவனுக்குப் பிள்ளை முதலில் வந்துவிட்டது. அமுதவள்ளிக்குச் சேர வேண்டிய காசில் மோட்டார் சைக்கிளுக்குச் சத்தம் போடும் எக்சோஸ் குழாய் வாங்கி மாட்டினான். செய்தி ரவாங்கில் இருக்கும் மாமியார் லெட்சுமிக்குப் போனது.

"சனிக்கிழமை காசு கட்டலன்னா பேத்தியைத் தூக்கிட்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து பாத்துட்டுப் போங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். ஷாமினியும் மறுக்கவில்லை. பிரவின் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஆயிரம் ரிங்கிட் ஒரு காசா? வெள்ளிக்கிழமை நானே அமுதவள்ளி வீட்டுக்குப் போய்ப் பணப்பையை எடுத்தேன்.

"கொடுங்கண்ணே. தொட்டியில தண்ணி ஊத்துறேன்" என்றாள் அமுதவள்ளி.

"எதுக்கு?"

"அப்பனுக்குப் பதிலா நீங்கன்னா குளிப்பாட்டுறதும் நீங்கதானே. கையை மடிச்சு விட்டுக்குங்க."

லோரி டயரைத் தனியாளாகக் கழற்றி மாட்டியவன் நான். நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவன். ஆனால் சோப்பு போட்ட குழந்தை வேறு சமாச்சாரம்.

"அவனையே வரச் சொல்றேன்" என்று பணப்பையை மூடினேன்.

மறுநாள் சாயங்காலமும் போனேன். சனிக்கிழமை வகுப்பு மாணவர்கள் வந்திருந்தார்கள். லெட்சுமி, குழந்தையின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிரவினின் மோட்டார் வந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அன்று சத்தமே இல்லை.

"அந்தப் பையன் வரமாட்டான். எனக்குத் தெரியும்" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, பிரவின் மாடிப்படி ஏறி வந்தான்.

"மோட்டார் எங்கடா?" என்றேன்.

"கீழதான் பாஸ். எக்சோஸை வித்துட்டேன். பழசையே மாட்டிட்டேன்."

லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "நீங்க கொடுத்த காசுதானே?"

"என் காசு என் பையிலதான் இருக்கும்மா."

பிரவின் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தொட்டியில் இறக்கினான். இடுப்பை மட்டும் பிடித்தான். பக்கத்தில் துண்டோடு நின்ற மாணவி, "அண்ணே, கழுத்துக்குக் கீழ கை கொடுங்க. போன வாரம் நானும் இப்படித்தான் பிடிச்சு அக்காகிட்ட ஏச்சு வாங்கினேன்" என்றாள். அவன் கையை மாற்றினான். குழந்தை வீறிட்டது.

"காதுல தண்ணி போவுது" என்று லெட்சுமி உள்ளே வந்தாள்.

"நில்லுங்கம்மா. அவரே பாத்துக்குவாரு" என்றாள் அமுதவள்ளி.

பார்த்துக்கொண்டான். அழுகை நின்றது. துடைத்து, பவுடர் போட்டு, பெம்பர்ஸ் மாட்டினான். தலைகீழாக மாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே கழற்றிச் சரியாக மாட்டினான். லெட்சுமி தோளிலிருந்த பையைத் தரையில் வைத்துத் திறந்தாள்.

"மாப்ள, இந்தக் கனமான சட்டையைப் போட்டு விடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு. மோட்டார்ல போறப்ப குளிரும்."

உடுத்தி முடித்ததும் குழந்தையை அவளிடம் நீட்டினான். "கொஞ்சம் பிடிங்க அத்தை."

பிறகு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டுகளை எடுத்தான். அமுதவள்ளி கையை விரித்தாள். அந்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தான்.