சிவப்புத் தவளை

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெயிண்டர். சுவருக்கு அல்ல, குழாய்களுக்கு. தீயணைப்புக் குழாய் என்றால் சிவப்பு, தண்ணீர்க் குழாய் என்றால் பச்சை. அ, ஆ எழுத வருவதற்கு முன்பே இது எனக்கு அத்துப்படி.

வேலை முடிந்து வந்ததும் நைனா சாப்பாட்டுப் பையைத் திறந்து பெயிண்ட் டப்பா மூடிகளை எடுத்துத் தரையில் வைப்பார்.

"இது இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்."

நான் சொன்னதும் மூடியின் மறுபக்கத்தில் ஆணியால் ஒரு எழுத்தைக் கீறுவார். பச்சைக்கு 'ப', சிவப்புக்கு 'சி'. எனக்கு மார்க் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய் வரும். மறுநாள் மூடிகள் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும். நான் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. நிறங்களில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரே தலைக்கனம்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது பழவேற்காடு ஏரியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கச் சிலர் பள்ளிக்கு வந்தார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அதில் கொக்கு, ஆமை, நீர்நாய், தவளை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தன. கொக்கு எதிரில் நிற்கும்போது தவளைக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வண்ணம் தீட்டி மறுநாள் கொண்டுவர வேண்டும், பெற்றோர் கூட்டத்துக்கு ஹாலில் ஒட்டுவோம் என்றார் மிஸ்.

கொக்கு, ஆமை, நீர்நாய், தண்ணீர் வரைக்கும் நன்றாகத்தான் தீட்டினேன். தவளையும் கோரைப்புல்லும் மிச்சமிருக்கும்போது அப்படியே தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோது தாள் சுருட்டி என் பையில் இருந்தது. "தவளய நானே முடிச்சிட்டேன்மா" என்றார் நைனா. பெயிண்டர் போட்டது, அதைப் பிரித்துப் பார்ப்பானேன்? அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வகுப்பில் மிஸ் அதை விரித்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். தவளை ரத்தச் சிவப்பு. கோரைப்புல்லும் அதே சிவப்பு. கோடு தாண்டாமல், ஒரு திட்டுகூட விடாமல், அவ்வளவு சுத்தமாகத் தீட்டியிருந்தார்.

"மிஸ், தவள தக்காளிச் சட்னில வுயுந்துடிச்சி மிஸ்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"யாரு கலர் பண்ணது?" என்றார் மிஸ்.

"எங்க நைனா."

"நைனா இன்னா வேல செய்றாரு?"

நான் தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். எனக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், பெயிண்டர் என்று. அதுவரை சிரிக்காமல் இருந்த மிஸ்ஸும் சிரித்துவிட்டார். காது மடலெல்லாம் எரிந்தது. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் முகம் சுடுகிறது.

சாயங்காலம் நைனா வந்ததும் வராததுமாகத் தாளை அவர் காலடியில் எறிந்தேன்.

"பச்சகூட தெர்லயா உனக்கு? நீ இன்னா பெயிண்டரு?"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் கதவைச் சாத்தினாள். பக்கத்துப் போர்ஷனில் நைனாவின் கம்பெனி அண்ணன் ஒருவர் குடியிருந்தார். அவருக்குக் கேட்டால் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

நைனா தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"செவப்புத் தவளயும் கீதுமா. மய பேஞ்சா வரும்."

அவர் சிரித்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, எதுவும் நடக்காததுபோல் இரண்டு மூடிகளை என் முன் வைத்தார். "இது இன்னா கலரு?" குரல் மட்டும் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. அவர் காட்டியது நல்ல சிவப்பு. வேண்டுமென்றே பச்சை என்றேன். இன்னொன்று பச்சை. அதைச் சிவப்பு என்றேன். தப்பு என்று அவர் சொல்லட்டும், அப்போது வைத்துக்கொள்ளலாம் சண்டையை என்று காத்திருந்தேன். அவர் ஆணியை எடுத்து ஒன்றில் 'ப', மற்றதில் 'சி' என்று கீறிவிட்டு எப்போதும்போல் கடலை மிட்டாயை நீட்டினார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் தப்பான பதிலுக்கும் மிட்டாய் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பும் பச்சையும் நைனாவின் கண்ணுக்கு ஒன்றேதான் என்று அம்மா என்னிடம் சொன்னது நான் காலேஜ் போன பிறகு. அம்மாவுக்கு முன்பே தெரியும். மூடியின் நிறத்தை நைனா அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பெண்டாட்டியிடம் கேட்டால் அது கேட்பது. மகளிடம் கேட்டால் விளையாட்டு.

நான் தாளை எறிந்த அந்த வாரமே நைனாவின் வேலை மாறியது. தீயணைப்புக் குழாய் முழுக்கப் பச்சை அடித்துவிட்டாராம். கண்ணைச் சோதித்துவிட்டு, லாரியில் லோடு ஏற்றுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரவுகளில் அம்மா அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். மூடிகள் வருவது நின்றுபோனது.

எனக்கோ அன்று ஒரே நிம்மதி. இனிமேல் வகுப்பில் நைனா என்ன வேலை என்று யாராவது கேட்டால், பெயிண்டர் என்று சொல்ல வேண்டியதில்லை.